இலவசம் என்ற சொல்லைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார ஞாயிறு இணைப்பில், ஜப்பானின் நொசாவா ஓன்சென் என்ற வெந்நீர் ஊற்றுக் கிராமத்தைப் பற்றிய பயணக் கட்டுரையைப் படித்தேன். அரைப் பக்கத்துக்கு ஒரு வண்ணப்படம் போட்டிருந்தீர்கள்: ஆவி பறக்கும் கல் தொட்டி, சுற்றிலும் வெண்பனி. படத்துக்குக் கீழே, 'இங்கே யார் வேண்டுமானாலும் இலவசமாக இறங்கிக் குளிக்கலாம்' என்று ஒரு வரி.

அது குளிக்கிற தொட்டி இல்லை, ஐயா. அதற்கு ஓகாமா என்று பெயர். ஒரு காலத்தில் நார்ச்செடித் தண்டுகளை ஊறப்போட்ட இடம். நார்க்கொப்பரை என்று பொருள் சொல்லலாம். 90 டிகிரிக்குப் பக்கத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் ஊற்று அது. ஊர்ப் பெண்கள் கூடையில் கீரையும் வலைப்பையில் முட்டையும் கொண்டுவந்து வேகவைத்து எடுத்துப் போகிறார்கள். ஊராரைத் தவிர வேறு யாரும் உள்ளே போகக் கூடாது. உங்கள் வாசகர் ஒருவர் படத்தை நம்பி அதில் காலை விட்டால், தோல் தனியாக வந்துவிடும். என் கடிதம் நீளமானது. இடத்துக்குத் தக்கபடி வெட்டிக்கொள்ளுங்கள். இந்த ஒரு பத்தியை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் தென்காசிக்காரி. 33 ஆண்டுகள் பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வுபெற்றவள். வயது 62. மகள் குடும்பம் டோக்கியோவில் நிஷி கசாய் பகுதியில் இருக்கிறது. இந்த ஆண்டு ஜனவரிக் கடைசியில் மகள், மாப்பிள்ளை, ஏழு வயதுப் பேத்தி, என் கணவர் எல்லோருமாக நொசாவாவில் நான்கு நாள் தங்கியிருந்தோம். குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். குளிப்பதற்கென்று ஊர்விட்டு ஊர் வருகிற கூட்டம் எனக்குப் புதிதில்லை. வருகிறவர்கள் போன பிறகு மிச்சம் கிடப்பது என்ன என்பதும் எனக்குத் தெரியும்.

உங்கள் கட்டுரையாளர், 'வானளாவிய உயரத்தில் இருப்பதால் இங்கே பனி கொட்டுகிறது' என்று எழுதியிருக்கிறார். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன். நொசாவா கிராமம் இருக்கும் உயரம் 600 மீட்டர்கூட இருக்காது. அதற்கு மேலே பனிச்சறுக்குத் தளத்தின் உச்சி, கெனாஷி மலை, 1,650 மீட்டர். நம் கொடைக்கானல் அதைவிட நானூறு மீட்டருக்கு மேல் உயரம். அப்படியென்றால் கொடைக்கானலில் ஏன் ஆள் உயரத்துக்குப் பனி விழவில்லை?

கொடைக்கானல் வெப்பமண்டலத்தில் இருக்கிறது. நொசாவாவில் இவ்வளவு கொட்டுவதற்குக் கடல்தான் காரணம். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வறண்ட குளிர்காற்று புறப்படுகிறது. வழியில் ஜப்பான் கடல். அதில் தெற்கிலிருந்து வருகிற வெதுவெதுப்பான நீரோட்டம் ஒன்று ஓடுகிறது. காற்று அந்த நீருக்கு மேலே வரும்போது ஈரத்தைக் குடித்துக் குடித்துக் கனத்துப்போய், கரையேறி மலையில் முட்டி, சுமையை அங்கேயே கொட்டிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று வங்கக் கடலில் ஈரம் வாங்கி நம் கரையில் கொட்டுகிறதே, ஏறக்குறைய அதே கதை. இங்கே மழை, அங்கே பனி. மலைக்கு மறுபுறம் இருக்கும் டோக்கியோவுக்கு மிச்சம் மீதிதான். ஆடி மாதத்தில் செங்கோட்டையில் சாரல் அடிக்கும்போது திருநெல்வேலியில் புழுதி பறப்பது போல. நாங்கள் டோக்கியோவில் புல்லட் ரயில் ஏறியபோது நல்ல வெயில். நாகானோ வரைக்கும் வெயில். அதற்குப் பிறகு சுரங்கம். வெளியே வந்தால் வானமும் தரையும் ஒரே நிறம். ஈயாமா நிலையத்தில் இறங்கி, 25 நிமிடம் பஸ். பஸ் கண்ணாடியில் பேத்தி விரலால் பெயர் எழுதிக்கொண்டே வந்தாள். என் கணவர் இரண்டு கம்பளித் தொப்பிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, "இதற்கு நீ குற்றாலத்திலேயே குளித்திருக்கலாம்" என்றார்.

இன்னொரு வரியும் என்னை உறுத்தியது. 'வெளிநாட்டுப் பயணிகளின் வருகையால் இந்தக் குக்கிராமம் பனிச்சறுக்கு ஊராக மாறியது.' இல்லை. ஜப்பானுக்குப் பனிச்சறுக்கைக் கற்றுக்கொடுத்தவர் ஓர் அயல்நாட்டார் என்பது உண்மைதான். ஆஸ்திரிய-ஹங்கேரிப் படையின் மேஜர் தியோடர் ஃபான் லேர்ஹ், 1911 ஜனவரியில், நொசாவாவுக்கு வடமேற்கே மலைகளுக்கு அந்தப் பக்கம் உள்ள தகாதாவில், ஜப்பானியப் படைவீரர்களுக்கு முதல் பாடம் நடத்தினார். பன்னிரண்டே ஆண்டுகளில், 1923-இல், நொசாவா ஊர்க்காரர்கள் தாங்களே ஒரு பனிச்சறுக்குச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். குளிர்காலம் முழுவதும் பனிக்குள் அடைந்து கிடக்கிற ஊர். அந்தப் பனியையே பிழைப்பாக்க முடியுமா என்று பார்த்திருக்கிறார்கள். 1930-இல் ஆஸ்திரியாவின் பெயர்பெற்ற பயிற்சியாளர் ஹான்னஸ் ஷ்னைடர் வந்து சறுக்கிக் காட்டினார். அவர் பெயரில் இன்றும் ஒரு சரிவு இருக்கிறது. 1950-இல், சறுக்குவோரைச் சரிவின் மேலே ஏற்றிவிடுகிற முதல் லிஃப்ட். 1963-இல் சங்கம் அந்தத் தளத்தைக் கிராம நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. மலையைச் சீர்ப்படுத்திச் சரிவாக்கியதும் லிஃப்ட் போட்டதும் உள்ளூர்க் கைகள்தான். ஷ்னைடரின் ஊர்ப்பக்கமான சாங்க்ட் ஆன்டனோடு 1971-இல் உறவூர் ஒப்பந்தமும் செய்துகொண்டார்கள்.

அந்த ஆஸ்திரிய வாசனை பேச்சில் இன்னும் போகவில்லை. சறுக்குச் சரிவுக்கு ஜப்பானியர்கள் சொல்லும் சொல் 'கெரெந்தே'. கையில் பிடிக்கும் கோலுக்கு 'ஸ்தொக்கு'. இரண்டும் ஜெர்மன் சொற்கள். நாம் சாவியையும் அலமாரியையும் போர்ச்சுக்கீசியரிடம் வாங்கி நம்முடையதாக்கிக்கொண்டது போலத்தான். 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் சறுக்கியபடியே துப்பாக்கி சுடுகிற பயத்லான் போட்டி நொசாவாவில்தான் நடந்தது. (அந்த ஒலிம்பிக்குக்கு இந்தியா அனுப்பியது ஒரே ஓர் ஆளை. 16 வயது சிவ கேசவன், லூஜ் என்ற சறுக்குவண்டிப் போட்டிக்கு. அப்போது என் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், நம்ம ஊர்க்காரர்களுக்குப் பனியில் என்ன வேலை?")

அவன் கேட்ட கேள்வி எனக்கே திரும்பி வந்தது. ஹிகாகே என்கிற, பழகுவோருக்கான சரிவில், 62 வயதில், நான் நின்றேன். நிற்பதற்கே அரை மணி ஆனது. அந்தக் காலணியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை, நான் சொல்கிறேன். அது காலணி இல்லை, காலுக்கு அடித்த இரும்புப்பெட்டி. கணுக்கால் மடங்காது. படி இறங்க வேண்டுமென்றால் நண்டு போலப் பக்கவாட்டில்தான். அதற்குள் காலை நுழைத்து நான்கு கொக்கிகளையும் மாட்டியபோது மாப்பிள்ளையின் நெற்றியில் வேர்வை. பிறகு பலகையில் முன்காலை வைத்துக் குதிகாலை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தோடு பூமிக்கும் எனக்கும் இருந்த ஒப்பந்தம் முறிந்தது.

பயிற்சி கொடுத்தவருக்கு என்னைவிட வயது அதிகம், எழுபதுக்கு மேல் இருக்கும். அவருக்குத் தமிழும் தெரியாது, எனக்கு ஜப்பானிய மொழியும் தெரியாது. "ஹா, ஹா" என்றார். சிரிக்கச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். பேத்திதான் விளக்கினாள். ஜப்பானிய எழுத்தில் 'ஹா' என்பது இரண்டு சாய்ந்த கோடுகள். மேலே நெருங்கி, கீழே விரிந்து, கூரை போல இருக்கும். பலகைகளின் முனைகளை நெருக்கி, பின்பக்கத்தை விரித்து அந்த எழுத்தைப் போட்டால் வேகம் குறையும். "ஆச்சி, ஹா போடுங்கள், ஹா போடுங்கள்" என்று அவள் கத்திக்கொண்டே எனக்கு முன்னால் சறுக்கிப் போனாள். நான் போட்ட எழுத்து எந்த மொழியிலும் இல்லாதது. முப்பது மீட்டர் போயிருப்பேன், உட்கார்ந்துவிட்டேன். பனி வலிக்கவில்லை. ஈரப் பச்சரிசி மாவைச் சல்லடையில் சலித்து விரலால் அழுத்தினால் ஒரு நெறுநெறுப்பு வருமே, முழங்காலுக்குக் கீழே அதே நெறுநெறுப்பு. பெரியவர் வந்து கோலை நீட்டினார். எழுந்தேன், விழுந்தேன். அன்றைக்கு மொத்தம் பதினொரு முறை. பேத்தி விரல்விட்டு எண்ணினாள், விரல் தீர்ந்துவிட்டது.

மாப்பிள்ளை ஸ்னோபோர்ட் பக்கம். இரண்டு காலையும் ஒரே பலகையில் குறுக்காகக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிற வித்தை அது. ஸ்கீயில் வழுக்கினால் ஒரு காலாவது உதவிக்கு வரும். இதில் பலகையின் விளிம்பு பனியில் குத்திக்கொண்டால் ஆள் அப்படியே, குப்புறவோ மல்லாக்கவோ, தூக்கி அடிக்கப்படுகிறார். பொறியாளர் வேலை பார்க்கிற, மாமியார் முன்னால் கால் மேல் கால் போட்டு உட்காராத பிள்ளை, சரிவின் நடுவில் கால் நீட்டி உட்கார்ந்து, வாரை இழுத்துக் கட்டிக்கொண்டு, "அத்தை, பார்க்காதீர்கள்" என்றார். பார்த்தேன். நான்காவது முறை எழுந்தபோது மனிதர் அழகாகத்தான் போனார். பின்னால் ஒரு வெள்ளைப் புகை எழுந்தது. ஆனால் இரவு சாப்பாட்டுக்கு உட்காரும்போது இரண்டு மெத்தையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். (1998-இல்தான் ஸ்னோபோர்ட் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது, அந்தப் போட்டிகள் நடந்ததும் இதே நாகானோ மாநிலத்தில்தான்.)

கேபிள் காரில் உச்சிக்கும் போனோம். கட்டுரையில் 'கண்கொள்ளாக் காட்சி' என்று இருக்கிறது. நாங்கள் போன அன்று பனி கொட்டியதால் மேலே பார்த்தது ஒரு வெள்ளைத் தாள். அதில் அங்கங்கே பீச் (beech) என்ற காட்டு மரங்கள் பென்சிலால் கிறுக்கியது போல நின்றன. கீழே வந்து என் கணவர் ஆவியில் வெந்த இனிப்புக் கொழுக்கட்டை இரண்டு வாங்கித் தின்று, காட்சி திருப்தி என்றார்.

இனி குளியல். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

நொசாவாவில் ஊர்ப்பொதுக் குளியலறைகள் 13 இருக்கின்றன. மர வீடுகள், ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். நடுவூரில் உள்ள ஓ-யு என்ற குளியலறை கோயில் மாதிரிப் பெரியது, மற்றவை சிறியவை. 'கரடி கை கழுவிய ஊற்று' என்று ஒன்று இருக்கிறது. அடிபட்ட கரடி போன தடத்தைப் பின்தொடர்ந்த வேடர் அந்த ஊற்றைக் கண்டாராம். சீட்டு இல்லை, காவலாள் இல்லை, பூட்டிவைக்கிற பெட்டி இல்லை. கதவைத் தள்ளினால் துணி வைக்க மரத்தட்டு, அடுத்த அடியில் தொட்டி. வாசலில் ஓர் உண்டியல். உங்கள் கட்டுரையாளர் இதைப் பார்த்துவிட்டு, '13 இலவசக் குளியல்கள்! ஒன்று விடாமல் அனுபவியுங்கள்!' என்று எழுதியிருக்கிறார்.

உடையில்லாமல்தான் இறங்க வேண்டும். எனக்கு அது எளிதாக இருக்கவில்லை. அருவியில் சேலையோடு குளித்தே வளர்ந்த உடம்பு இது. மகள் முன்னால், பேத்தி முன்னால், பெயர் தெரியாத நான்கு பெண்கள் முன்னால். துண்டைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் சுவரைப் பார்த்து நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதைத் திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ள எனக்குத்தான் ஐந்து நிமிடம் ஆயிற்று.

ஓ-யுவில் இரண்டு தொட்டிகள், ஒன்று சூடு, ஒன்று அதைவிடக் குறைவு. குறைவு என்பது அவர்கள் கணக்கு. நான் கால்விரலை விட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். சுவரோரம் தண்ணீர்க் குழாய் ஒன்று இருந்தது. திறந்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. பச்சைத்தண்ணீர் கொட்டட்டும் என்று விட்டுவிட்டுப் பேத்திக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, எண்பது வயதுக்குக் குறையாது, எழுந்து வந்து குழாயை மூடினார். ஏதோ சொன்னார். அதட்டல் இல்லை, சிரிப்பும் இல்லை. மகளின் முகம் சிவந்துவிட்டது. என்ன சொன்னார் என்று கேட்டேன். "எல்லோருடைய வெந்நீரையும் உங்கள் அம்மா ஒருவரே ஆற்றிவிட்டார் என்கிறார்."

பிறகு அந்தக் கிழவியே என்னைத் தரையில் உட்காரவைத்து, மரக்கிண்ணத்தில் தொட்டி நீரை மொண்டு முதலில் என் பாதத்தில் ஊற்றினார். அடுத்து முழங்கால். அடுத்து தொடை, கை, தோள். உடம்பைப் பழக்க வேண்டும், அழுக்கையும் வெளியிலேயே கழுவிவிட வேண்டும். இரண்டும் அதிலேயே முடிகின்றன. கடைசியில் இறங்கச் சொல்லி, உள்ளங்கையைத் தரையைப் பார்த்துத் தாழ்த்திக் காட்டினார்: அசையாதே. அசையாமல் உட்கார்ந்தால் சூடு உறைக்கவில்லை. கந்தக நெடி, எண்ணெய்க் குளியல் அன்று போல ஒரு கிறக்கம், பதினொரு முறை விழுந்த இடுப்பு அப்படியே கரைந்துபோனது. கூரையின் உச்சியில் ஆவி போவதற்கு விட்டிருந்த இடைவெளியில் பனித்துகள் உள்ளே வந்தது. வந்தது என்று சொல்ல முடியாது, பாதி வழியிலேயே காணாமல் போனது.

மறுநாள் அதே தொட்டியில் இரண்டு இளம்பெண்கள். தமிழ்தான் பேசினார்கள். நீச்சலுடை, அவிழ்ந்த நீளக்கூந்தல் தண்ணீரில் மிதக்கிறது, ஒருத்தி கையில் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுக்கிறாள். மற்ற பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நான் மெல்ல, "அம்மா, இங்கே அப்படிச் செய்யக் கூடாது" என்றேன். "இலவசம்தானே ஆன்ட்டி, யார் கேட்கப்போகிறார்கள்?" என்று பதில் வந்தது. முந்தின நாள் குழாயைத் திறந்தவளுக்கு அதற்கு மேல் பேச என்ன தகுதி இருக்கிறது? பேசாமல் வந்துவிட்டேன். உங்கள் கட்டுரையில் அதே சொல்லை அதே தொனியில் பார்த்தபோது, அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இன்றைக்காவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் காலை, இன்னும் விடியவில்லை. எங்கள் விடுதிக்கு எதிரே இருந்த சிறிய குளியலறையில் 'சரக், சரக்' என்று சத்தம். சன்னலைத் திறந்து பார்த்தேன். விடுதியை நடத்துகிற அம்மாள், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, நீளக்கம்பு பிரஷ்ஷால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கூட ஒரு பள்ளிக்கூடப் பையன், வாளியோடு. காலைச் சாப்பாட்டின்போது மகள் மூலம் விசாரித்தேன்.

அதற்கு யு-நகாமா என்று பெயர். வெந்நீர்க் கூட்டாளிகள் என்று வைத்துக்கொள்ளலாம். எடோ காலத்திலிருந்து, அதாவது தோகுகாவா வம்சத்தார் ஜப்பானை ஆண்ட பழைய காலத்திலிருந்தே வருகிற ஏற்பாடு. ஒவ்வொரு குளியலறைக்கும் அதைச் சுற்றியுள்ள வீடுகள் பொறுப்பு. முறை வைத்துக் கழுவுகிறார்கள். மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் வருகிற கட்டணத்தைப் பங்கு போட்டுக் கட்டுகிறார்கள். ஊற்றையும் பொதுக்காட்டையும் பார்த்துக்கொள்வதற்கு நொசாவா-குமி என்று ஊர்க்கூட்டம் தனியாக இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்து குளிப்பது அவர்கள் கொடுக்கிற இடம். நவம்பரில் கீரை அறுவடையானதும் அதே குளியலறைகளில்தான் வண்டி வண்டியாக நொசாவானா கீரையை வெந்நீரில் அலசி ஊறுகாய் போடுகிறார்களாம். கடுகுக்கீரைக்கும் முள்ளங்கிக்கீரைக்கும் நடுவில் ஒரு ருசி. மீன் வாசனை இல்லாத சாப்பாட்டுக்கு நான் நான்கு நாளும் அந்த ஊறுகாயையும், அதையே உள்ளே வைத்துச் சுட்ட ஓயாகி என்ற அடையையும்தான் நம்பியிருந்தேன்.

இதைக் கேட்டபோது என் தாத்தா நினைவுக்கு வந்தார். எங்கள் ஊர்க்குளத்தில் குடிமராமத்து நடந்த நாளில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போக வேண்டும். போகாத வீடு கூலி கொடுக்க வேண்டும். குளத்துத் தண்ணீரை இலவசம் என்று தாத்தா சொல்லி நான் கேட்டதில்லை. 'ஊர்த்தண்ணீர்' என்பார்.

நானும் ஒரு நாள் வந்து தேய்க்கிறேன் என்று விடுதி அம்மாளிடம் சொல்லச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "உங்கள் வீட்டுக்கு இன்னும் முறை வரவில்லையே" என்றார். உண்டியலில் எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டதற்கும் பதில் இல்லை. பிறகு சுவரில் மாட்டியிருந்த ஒரு புகைப்படத்தைக் காட்டினார். ஜனவரி 15 இரவு நடக்கும் நெருப்புத் திருவிழா. நாங்கள் போவதற்குப் பத்து நாள் முன்னால்தான் முடிந்திருந்தது. பீச் மரங்களை வெட்டிக் கட்டிய உயரமான மேடையின் மேல், அந்த ஆண்டு 42 வயதாகும் ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். 25 வயதுக்காரர்கள் கீழே நின்று காவல். மற்ற ஊரார் தீப்பந்தத்தோடு மோதுகிறார்கள். கடைசியில் மேடையே எரிகிறது. மேடை மேல் உட்கார்ந்திருந்த ஒருவரைத் தொட்டு, "என் மூத்த மகன்" என்றார். முகமெல்லாம் கரி. சறுக்குத்தளத்தில் லிஃப்ட்டை இயக்குவதும் அவர்தானாம். முந்தின நாள் என்னை லிஃப்ட்டிலிருந்து கையைப் பிடித்து இறக்கிவிட்டது அவராகத்தான் இருக்கும் என்று பேத்தி சாதித்தாள். முகமூடியும் கண்ணாடியும் போட்டிருந்த ஆளை எப்படி அடையாளம் கண்டாளோ.

ஆகவே, ஆசிரியர் அவர்களே, படத்தின் கீழ் வரியைத் திருத்துவதோடு நிறுத்திவிடாமல், கட்டுரையில் ஒன்பது இடத்தில் வருகிற 'இலவசம்' என்ற சொல்லையும் பாருங்கள் (எண்ணினேன், பழக்கம் விடவில்லை). 'நுழைவுச்சீட்டு இல்லை, ஊரார் பார்த்துக்கொள்கிறார்கள், உண்டியல் இருக்கிறது' என்று எழுதினால் இரண்டு வரி அதிகமாகும், அவ்வளவுதான். உடம்பைக் கழுவிவிட்டு இறங்குவது, துண்டையும் கூந்தலையும் தண்ணீரில் விடாமல் இருப்பது, பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறக்கும் முன் உள்ளே இருப்பவர்களைக் கேட்பது, கைப்பேசியை விடுதியிலேயே வைத்துவிட்டு வருவது, இவற்றையும் ஒரு கட்டத்துக்குள் போடுங்கள். நம் பக்கத்திலிருந்து இப்போது நிறையப் பேர் போகிறார்கள்.

அதோடு வெள்ளி நகையைக் கழற்றிவிட்டு இறங்கச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீரில் கந்தகம் இருக்கிறது. முதல் நாளே என் மெட்டி இரண்டும் அடுப்புக்கரி போலக் கறுத்துவிட்டன. புளி போட்டும் திருநீறு போட்டும் தேய்த்துப் பார்த்தாயிற்று, ஏழு மாதமாகியும் வலது கால் மெட்டி வெளுக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
தென்காசி.